வெற்றிடம் யாருக்குச் சொந்தம்? டேப் சாவியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘லோயர்’ எழுதப் போனவர்களுக்கு ஸ்டேட்மெண்ட் மறந்திருக்காது. வேகம் எப்படியும் கைக்கு வந்துவிடும். ஸ்டேட்மெண்ட்தான் காலை வாரும். ஒவ்வொரு பத்தியிலும் எது மிக நீளமான சொல் என்று பார்த்து அதன் எழுத்துகளை எண்ண வேண்டும். எல்லாவற்றையும் கூட்டித் தாளின் அகலத்திலிருந்து கழிக்க வேண்டும். மிச்சத்தைப் பத்திகளுக்கு நடுவே பங்கிட வேண்டும். பிறகு கேரேஜை நகர்த்தி, நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு டேப் வைக்க வேண்டும். அதன்பின் சாவியைத் தட்டினால் போதும், கேரேஜ் ஓடிப்போய் அந்தந்த இடத்தில் நிற்கும். அடுத்த பேட்ச் ஆள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக நாம் வைத்ததையெல்லாம் அழிப்பார். அவர் ஸ்டேட்மெண்ட் வேறு, அவர் கணக்கு வேறு.

இதை ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர். “எங்க ஆபீஸ்ல அந்த டேப் சாவிக்குத்தான் சண்டையே நடக்குது” என்றார். நிரல் எழுதும்போது வரிகளைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி எழுதுவது வழக்கம். ஒரு நிபந்தனையை எழுதி, அது உண்மையானால் செய்யவேண்டியவற்றை அதன் கீழே உள்தள்ளி எழுதினால், எது எதற்குள் அடங்கும் என்பதைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இந்த உள்தள்ளலை டேப் சாவியால் செய்வதா, ஸ்பேஸ் பாரை நான்கு முறை தட்டிச் செய்வதா? இதுதான் சண்டை. “ரெண்டுமே வெறும் காலி இடம்தானே, இதுல என்ன அரசியல் வேண்டிக் கிடக்கு?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

புதுக்கவிதை எழுதுகிறவர்களிடம் போய் வெற்றிடம் என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லிப்பாருங்கள். காலி இடமும் எழுதப்படுகிற ஒன்றுதான். அப்படியானால் அதன் அளவை யார் தீர்மானிப்பது? எழுதுகிறவரா, வாசிக்கிறவரா, எந்திரமா, நிறுவனமா? டேப் சாவியின் நூற்றுச்சொச்ச ஆண்டு வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது.

2

டேபுலேட்டர் என்பதன் சுருக்கம் டேப். அட்டவணை போடும் பொறி என்று அர்த்தம். ரயில்வே, இன்சூரன்ஸ், வங்கி எல்லாம் பெருகி, எண்களைப் பத்தி பத்தியாக அடுக்கித் தரும் உழைப்பு தேவைப்பட்ட காலத்தில் இது தட்டச்சுப் பொறிக்குள் நுழைந்தது. அந்த உழைப்பைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். ஆங்கிலத்தில் ‘டைப்ரைட்டர்’ என்ற சொல் ஆரம்பத்தில் எந்திரத்தையும் அதன் முன் உட்கார்ந்திருந்த மனுஷியையும் சேர்த்தே குறித்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொறியில் நிறுத்தங்கள் நகரக்கூடியவை. எங்கே நிற்பது என்பதைத் தட்டுகிறவரின் கைதான் வைத்தது.

கம்ப்யூட்டர் அதைப் பறித்தது. 1950களில் நிரல் என்பது துளையிட்ட அட்டை. ஐபிஎம் அட்டைக்கு 80 கட்டங்கள். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி இந்த 80 கட்டங்களையும் நிலம் அளப்பது மாதிரி அளந்து பட்டா போட்டது. 1 முதல் 5 வரை வரியின் எண். 6இல் ஏதாவது இருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி. 7இலிருந்து 72 வரை உத்தரவு. 73 முதல் 80 வரை அட்டைகளை வரிசைப்படுத்தும் எண். 7ஆம் கட்டத்துக்கு முன்பே உத்தரவை ஆரம்பித்தால் எந்திரம் தப்பாக எடுத்துக்கொள்ளும். இங்கே காலி இடம் எந்திரத்தின் சொத்து.

நிரலை வடிவமைத்தவர்கள் கோடு போட்ட தாளில் எழுதித் தர, பெரும்பாலும் பெண்களாக இருந்த கீ-பஞ்ச் ஊழியர்கள் அட்டையில் துளையிட்டார்கள். எந்தக் கட்டத்துக்குத் தாண்டவேண்டும் என்பதை அந்தப் பொறியின் உருளையில் சுற்றிய இன்னொரு அட்டை சொல்லிவிடும். டேப் அங்கே அந்த உருளைக்குள் இருந்தது, தட்டுகிறவரின் கையில் இல்லை.

3

1960இல் வெளியான ஆல்கால் மொழி இந்தக் கட்டங்களை உடைத்தது. ‘பிகின்’ என்ற சொல்லுக்கும் ‘எண்ட்’ என்ற சொல்லுக்கும் நடுவே இருப்பது ஒரு தொகுதி. அதை எங்கே எழுதினாலும் சரி, எத்தனை இடைவெளி விட்டாலும் சரி, எந்திரத்துக்குக் கவலையில்லை. பிறகு ஏன் உள்தள்ளி எழுதினார்கள்? இன்னொரு மனிதர் படிக்க வேண்டுமே என்பதற்காக. இந்தக் கட்டத்தில் உள்தள்ளல் என்பது வாசகருக்குச் செய்யும் மரியாதை. எந்திரம் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஆக, ஒரே பிரதிக்கு இரண்டு வாசகர்கள் உருவாகிவிட்டார்கள். எந்திரம் சொற்களைப் படிக்கிறது. மனிதர் வடிவத்தைப் படிக்கிறார். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தப் பிளவை மூட முயன்றவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் கணினியியலாளர் பீட்டர் லேண்டின். ‘அடுத்த 700 நிரல் மொழிகள்’ என்ற தலைப்பில் 1966இல் வெளியான கட்டுரையில் அவர் ஒரு விதியை முன்வைத்தார். ஒரு கூற்று எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ, அதற்கு இடப்பக்கம் அதன் எந்தத் துண்டும் போகக்கூடாது. போனால் அந்தக் கூற்று முடிந்தது என்று பொருள். கால்பந்தாட்டத்திலிருந்து கடன் வாங்கி இதற்கு ‘ஆஃப்சைடு விதி’ என்று பெயர் வைத்தார். கண் எதைப் படிக்கிறதோ அதையே எந்திரமும் படிக்கட்டும் என்பதுதான் யோசனை. பின்னாளில் மிராண்டா, ஹாஸ்கெல் போன்ற மொழிகள் இதை எடுத்துக்கொண்டன.

லேண்டினைப் பற்றி நம் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒருபாலுறவினர் விடுதலை முன்னணியில் இயங்கியவர். அணு ஆயுத எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் கைதானவர். கம்ப்யூட்டர் துறை லாபவெறிக்கும் கண்காணிப்பு அரசுக்கும்தான் துணைபோயிற்று, அதற்காக உழைத்தது வீண் என்று பிற்காலத்தில் அவர் கருதியதாக, 2009இல் அவர் மறைந்தபோது வெளியான இரங்கல் குறிப்பு சொல்கிறது. விதிகளை எழுதுகிறவர்கள் எல்லோரும் அதிகாரத்தின் பக்கம் நிற்பவர்கள் என்று நாம் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

4

இதற்கிடையே டேப் சாவிக்கு ஒரு எண் கிடைத்திருந்தது. 1963இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் டேபுக்கு எண் 9. இந்த 9 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த நிறுத்தத்துக்குப் போ. அந்த நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று அது சொல்லவில்லை. அதாவது எழுதுகிறவர் உறவை மட்டும் சொல்கிறார், அளவை வாசிக்கும் இடத்தில் இருக்கும் பொறிக்கு விடுகிறார். ஸ்பேஸ் அப்படிப்பட்டதில்லை. நான்கு ஸ்பேஸ் என்றால் நான்குதான், எங்கே போனாலும் நான்கு.

ஆனால் நடைமுறை என்ன ஆயிற்று? யூனிக்ஸ் இயங்குதளம் ஒரு டேப் என்றால் 8 கட்டத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டது. 1978இல் வந்த விடி100 டெர்மினலில் நிறுத்தங்களை மாற்றிக்கொள்ள வழி இருந்தது, மாற்றாவிட்டால் 8. மெனக்கெட்டு யார் மாற்றப்போகிறார்கள்? இன்ஸ்டிடியூட்டில் ஒவ்வொரு ஆளும் அழித்து அழித்து வைத்த நிறுத்தம், இங்கே இயல்பானது என்ற பெயரில் இறுகிப்போயிற்று. எந்த அதிகாரமும் இப்படித்தானே இயல்பாகிறது! யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. மாற்றாமல் விட்டாலே போதும்.

இறுகிப்போவதன் உச்சம் ‘மேக்’ என்ற கருவி. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்பு மாறினால் எதையெல்லாம் திரும்பக் கட்டவேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்யும் கருவி அது. அதற்கான கோப்பில் உத்தரவு வரிகள் டேபில்தான் தொடங்க வேண்டும். அதே அகலத்துக்கு ஸ்பேஸ் விட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் கருவி வேலை செய்யாது. ஏன் இப்படி? ஃபெல்ட்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். புதிதாக வந்த ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளப் போய்ச் சிக்கிக்கொண்டாராம். எளிதாக இருக்கட்டும் என்று ‘புது வரி, அதன்பின் டேப்’ என்று வைத்துவிட்டாராம். சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு தரவேண்டாம் என்று மாற்றாமல் விட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தயவுக்காக அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க நிரலாளர்கள் கண்ணுக்குத் தெரியாத பிழையைத் தேடி ராத்திரி கண்விழிக்கிறார்கள். மேக் கருவிக்காக 2003இல் அவருக்கு ஏசிஎம் அமைப்பின் விருதும் கிடைத்தது. தகுதியான விருதுதான். தற்செயல் எப்படிச் சட்டமாகிறது என்பதற்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

5

அடுத்து எடிட்டர்கள் வருகின்றன. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘விஐ’. அதே ஆண்டு எம்ஐடியில் உருவான ‘ஈமேக்ஸ்’. இரண்டுமே உள்தள்ளலைக் கையிலிருந்து எடுத்து எந்திரத்திடம் கொடுத்தன. ஆனால் கொடுத்த விதம் வேறு.

விஐயில் ‘ஆட்டோஇண்டெண்ட்’ என்ற வசதி ரொம்பப் பணிவானது. முந்தைய வரி எங்கே தொடங்கியதோ அங்கேயே அடுத்த வரியைத் தொடங்கி வைக்கும். அவ்வளவுதான். அர்த்தம் அதற்குத் தெரியாது, முன்னே போனவரைப் பின்பற்றத் தெரியும். ஈமேக்ஸ் அப்படி விடவில்லை. நிரலின் இலக்கணத்தைப் பார்த்து, இந்த வரி இங்கேதான் நிற்கவேண்டும் என்று அதுவே முடிவு செய்கிறது. நிரல் எழுதும்போது அதில் டேப் சாவியைத் தட்டினால் டேப் விழாது. வரி தன் ‘சரியான’ இடத்துக்கு நகரும். சாவியின் மேல் பழைய பெயர் இருக்கிறது, வேலை மாறிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது முதுகு, முழங்கை, விரல் எல்லாவற்றுக்கும் இடம் குறித்துக் கொடுத்ததைப் பற்றி ஃபூக்கோ ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் (1975) பேசுகிறார். இங்கேயும் ஒழுங்கு வெளியிலிருந்து அடித்து வருவதில்லை. தட்டத் தட்ட விரலுக்குள் இறங்குகிறது. இதை வெறும் அடக்குமுறை என்றும் சொல்லிவிட முடியாது. வரி எதிர்பார்த்த இடத்தில் போய் நிற்கவில்லை என்றால் மேலே எங்கேயோ ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஈமேக்ஸில் எழுதுகிறவர்கள் பிழையை இப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்கள். ஒழுங்கு கற்றும் தருகிறது.

ஆனால் தானாக நடப்பதற்கு யார் எழுதுகிறார்கள் என்று தெரியாது. வேறு எங்கிருந்தோ நகலெடுத்த பத்து வரியை விஐயில் ஒட்டிப்பாருங்கள். டெர்மினல் வழியாக எழுத்துகள் ஒவ்வொன்றாக வருவதால் அது கையால் தட்டியதா, ஒட்டியதா என்று எடிட்டருக்குப் புரியாது. ஏற்கனவே உள்தள்ளியிருந்த வரியை அது மறுபடியும் உள்ளே தள்ளும். அடுத்த வரி இன்னும் உள்ளே. கடைசியில் நிரல் மாடிப்படி மாதிரி வலப்பக்கம் இறங்கிப்போகும். 1991இல் ப்ராம் மூலனார் வெளியிட்ட ‘விம்’ எடிட்டரில், ஒட்டுவதற்கு முன்பு இதை நிறுத்திவைக்கத் தனியாக ஒரு ‘பேஸ்ட்’ வசதியே பிற்பாடு சேர்க்கவேண்டி வந்தது.

கலப்படம் வந்ததும் இந்த வழியில்தான். விஐயில் டேபின் அகலத்தை 8 என்றே வைத்துவிட்டு, ஓர் அடுக்கு உள்தள்ளலை 4 என்று வைத்துக்கொண்டால், முதல் அடுக்குக்கு அது நான்கு ஸ்பேஸ் போடும். இரண்டாம் அடுக்குக்கு ஒரு டேப் போடும். எழுதியவர் திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். டேபை 4 என்று வைத்திருக்கும் பக்கத்து மேசைக்காரர் திரையில் இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிடும். கோஷ்டிச் சண்டையின் பொருளாதார அடிப்படை, அப்படிச் சொல்லலாமென்றால், இதுதான்.

6

சண்டை எழுத்தழகைப் பற்றியது மட்டும் என்றால் நாம் இத்தனை தூரம் பேசவேண்டியதில்லை. 1991இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கீடோ வான் ரோசம் வெளியிட்ட பைதான் மொழியில் உள்தள்ளலே இலக்கணம். அவர் முன்பு வேலை பார்த்த ஏபிசி மொழியிலிருந்து வந்த யோசனை. பிகின், எண்ட், அடைப்புக்குறி எதுவும் கிடையாது. எது எதற்குள் என்பதை வெற்றிடம் மட்டுமே சொல்கிறது. மனிதரும் எந்திரமும் ஒரே வடிவத்தைப் படிக்கிறார்கள் என்ற லேண்டினின் கனவு இங்கே பலித்தது. பலித்ததா? பழைய பைதான் டேபை 8 என்றே எண்ணியது. ஒரு வரி எட்டு ஸ்பேஸ், அடுத்த வரி ஒரு டேப் என்றால் பைதானுக்கு இரண்டும் ஒரே அடுக்கு. டேபை 4 என்று காட்டும் எடிட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு வேறு அடுக்கு. அவர் பார்ப்பது ஒரு நிரல், ஓடுவது இன்னொரு நிரல். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு, எந்தப் பக்கம் அர்த்தம் என்று தெரியாதபடி கலந்து எழுதினால் அது பிழை என்று அறிவித்துவிட்டது.

அடைப்புக்குறி உள்ள மொழிகளில் இந்த ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் 2014 பிப்ரவரியை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் போன்களிலும் கணினிகளிலும் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் சி மொழி நிரலில் ஒரு வரி இரட்டித்துக் கிடந்தது. ‘தவறு இருந்தால் வெளியேறு’ என்பது நிபந்தனை. அதன் கீழே ‘வெளியேறு’ என்ற வரி இரண்டு முறை, இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி. கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை. சி மொழிக்கோ, அடைப்புக்குறி இல்லாதபோது முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்குள். இரண்டாவது எப்போதும் ஓடும். அதன்பிறகு நடக்கவேண்டிய கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. நடுவழியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு வங்கியின் பெயரில் பேசினாலும் போன் நம்பியிருக்கும். பிழைக்குக் காரணங்கள் பல சொல்லலாம். ஆனால் படித்தவர்களின் கண்ணை ஏமாற்றியது அந்த ஒழுங்கான உள்தள்ளல். வெற்றிடம் பொய் சொல்லிற்று. 2016இல் ஜிசிசி கம்பைலர், ‘உள்தள்ளல் தவறாகக் காட்டுகிறது’ என்று எச்சரிக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. எந்திரம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்ததை, மனிதருக்காகப் படிக்கக் கற்றுக்கொண்டது.

7

இப்போது தீர்ப்பு என்ன? ஸ்பேஸ்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எழுதியது எழுதியபடியே எல்லாத் திரையிலும் தெரியும், அது சின்ன விஷயமில்லை. 2009இல் வெளியான கோ மொழி வேறு வழி சொல்லிற்று. அதோடு வரும் ‘கோஃபம்ட்’ கருவி எல்லோருடைய நிரலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், உள்தள்ளலுக்கு டேப் போடும், விருப்பம் கேட்காது. சர்வாதிகாரம் என்று கத்தத் தோன்றுகிறது. ஆனால் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணை ‘உனக்கு இடைவெளி விடக்கூடத் தெரியாதா’ என்று மூத்தவர் மிரட்டும் வழக்கமும் அதோடு ஒழிந்தது. பெயரில்லாத பழக்கத்தின் அதிகாரத்தைவிட எழுதிவைத்த விதி சில சமயம் மேல். இதை இயக்கங்களில் இருந்தவர்கள் அறிவார்கள்.

என்றாலும் எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி என்று சொல்லும்போது யாருடைய கண்ணை மனதில் வைக்கிறோம்? இந்தியாவில் பிறந்த டி.வி. ராமன், பார்வையற்றவர். 1995இல் ஈமேக்ஸ் எடிட்டரைப் பேசவைக்கும் ‘ஈமேக்ஸ்பீக்’ கருவியை வெளியிட்டார். அதில் ஒரு வரி எவ்வளவு உள்தள்ளியிருக்கிறது என்பதை ஒலியாகவே கேட்கலாம். வடிவத்தைக் காதால் படிக்கிறார்கள். பிரெய்ல் பலகையில் விரலால் படிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 40 கட்டம் உள்ள பலகை. அடுக்குக்கு நான்கு ஸ்பேஸ் என்று நான்கு அடுக்கு போனால் 16 கட்டம் வெறுமை. டேபை ஒரு கட்டமாகக் காட்டினால் நான்கு கட்டம்தான். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் மங்கிய பார்வைக்காரருக்கு உள்தள்ளல் 2 போதும், 8 வைத்தால் வரி திரைக்கு வெளியே போய்விடும். எழுதியவர் டேப் போட்டிருந்தால் இவர்கள் தங்கள் அளவை வைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ் என்றால் அதை மாற்ற இன்னொரு கருவியைத் தேட வேண்டும்.

நம் எழுத்துக்கும் இதில் பங்குண்டு. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அந்த 80 கட்ட உலகம் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்தது. ‘கொ’ யூனிகோடில் இரண்டு குறியீடு. கண்ணுக்கு மூன்று துண்டு. டெர்மினல் எத்தனை கட்டம் கொடுக்கும்? தமிழில் ஒரு சொல்லை எழுதிவிட்டு அதன் வலப்பக்கம் ஸ்பேஸ் வைத்துப் பத்தி சேர்த்துப்பாருங்கள், கோணிக்கொண்டு நிற்கும். எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி என்ற வாக்குறுதி நமக்குச் செல்லாது.

2006இல் நிக் கிராவ்கார்ட் ஒரு மாற்றைச் சொன்னார். ‘நெகிழும் டேப் நிறுத்தங்கள்’ என்று பெயர். எழுதுகிறவர் பத்தி முடிகிற இடத்தில் ஒரு டேப் மட்டும் போடுவார். அந்தப் பத்தியில் எது மிக நீளம் என்று எடிட்டரே அளந்து, அதற்குத் தக்கபடி நிறுத்தத்தை நகர்த்திக்கொள்ளும். இது இன்ஸ்டிடியூட்டில் நாம் விரல்விட்டு எண்ணிய அதே ஸ்டேட்மெண்ட் கணக்கு. கோ மொழியில் பத்தி சேர்க்கும் நிரல் இந்த முறையில்தான் ஓடுகிறது. ஆனால் பெரும்பாலான எடிட்டர்களில் இது இயல்பான வசதியாக வரவில்லை.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். எது எதற்குள் அடங்கும் என்பதை எழுதுகிறவர் சொல்லட்டும். எவ்வளவு தள்ளி நிற்கட்டும் என்பதை வாசிக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு டேப்தான் நெருக்கமாக வருகிறது. உங்கள் குழுவில் முடிவெடுப்பதற்கு முன்பு, கண்ணால் படிக்காத ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் யோசித்துவிட்டு, “எங்க குழுவுல அப்படி யாரும் இல்லையே” என்றார். ஏன் இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.